ஆயிரத்து இருநூற்று நாற்பது கிராம்

ஜூலை 8, செவ்வாய்

காலையிலிருந்து காத்து. குற்றாலத்தில் சாரலாம், இங்கே புழுதிதான். கடையில் ஜெராக்ஸ் மிஷினை மூடிவைத்துவிட்டு செக்கப்புக்குப் போனேன். 31 வாரம் 2 நாள். பிபி 150/100. கால் வீக்கம், செருப்பு ஏறவில்லை. மாத்திரையைக் கூட்டினார்கள். இனிமேல் கடைக்குப் போகக் கூடாது. உப்பு குறைக்கணும். இடது பக்கமாகப் படுக்கணும். தலைவலியோ கண் மங்கலோ வந்தால் உடனே வந்துவிடு என்றார் டாக்டரம்மா. முதல் பிள்ளை ஆறாம் மாசத்தில் போனதைப் பற்றிக் கேட்டார். சொன்னேன். எழுதிக்கொண்டார்.

ஜூலை 10, வியாழன்

படுத்தே கிடக்கிறேன். மாமியார் உப்பில்லாத கஞ்சியைக் கொடுத்துவிட்டு, குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நிற்கிறார். வெளியே பக்கத்து வீட்டு அக்காவிடம் சொன்னது காதில் விழுந்தது: "இந்த வாட்டியாச்சும் நிக்கணுமே."

சாயங்காலத்திலிருந்து பிடரியில் வலி. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் திருநெல்வேலி பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவார்கள். போன தடவை அங்கேயிருந்து வெறுங்கையோடு வந்தேன். தைலம் தேய்த்தேன். பிள்ளை அசைவு: காலையில் 9, சாயங்காலம் 4.

ஜூலை 15, செவ்வாய். திருநெல்வேலி, பெரியாஸ்பத்திரி

நாலு நாள் எழுதவில்லை. மறப்பதற்குள் எழுதிவிடணும்.

வெள்ளி காலை பல் தேய்க்கும்போது கண்ணுக்குள் மினுக்கு மினுக்கென்று. கண்ணாடியில் என் முகம் பாதிதான் தெரிந்தது. கத்தினேன். 108 வந்தது. வீட்டுக்காரர் தறியிலிருந்து அப்படியே ஓடிவந்தார், தலையெல்லாம் பஞ்சு. பிபி 180. வழியெல்லாம் வாந்தி. இங்கே வந்ததும் பிள்ளையின் நுரையீரலுக்கு ஒரு ஊசி, வலிப்பு வராமலிருக்க ஒரு ஊசி. அது ஏறும்போது உடம்பெல்லாம் தீ. தலைவலி எப்போது வந்தது என்று கேட்டார்கள். இன்றைக்குக் காலையில் என்று பொய் சொன்னேன்.

சனி மத்தியானம் ஆபரேஷன். பையன். 1240 கிராம்.

ஜூலை 16, புதன்

சக்கர நாற்காலியில் வைத்துக் கொண்டுபோய்ப் பிள்ளையைக் காட்டினார்கள். டயப்பர் நெஞ்சு வரைக்கும் ஏறிக் கிடக்கிறது. தோலுக்குள் நரம்பு தெரிகிறது. மூக்கில் ஒரு குழாய், வாயில் ஒரு குழாய். அரைமணி நேரம் பிழிந்து 2 மி.லி. பால். அதையே பெரிசாக வாங்கிக்கொண்டு போனார் நர்ஸ்.

வீட்டுக்காரர் இன்னும் பிள்ளையைப் பார்க்கவில்லை. இட்லி வாங்கித் தருகிறார், மருந்துச் சீட்டை எடுத்துக்கொண்டு ஓடுகிறார். உள்ளே கூப்பிட்டால் மட்டும் வேலை வந்துவிடுகிறது. நான் வலியை மறைத்தது தெரிந்துவிட்டதோ?

ஜூலை 18, வெள்ளி

1170. குறைந்துவிட்டது. எல்லாப் பிள்ளைக்கும் முதலில் குறையும் என்கிறார்கள். மனசு கேட்கவில்லை.

ஏன் பிள்ளையைப் பார்க்க உள்ளே வர மாட்டேன் என்கிறீர்கள் என்று வராந்தாவில் அவரிடம் கேட்டே விட்டேன். அந்த வியாழக்கிழமை தலைவலியை மறைத்ததையும் சொன்னேன், திட்டட்டும் என்று. திட்டவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"ஆபரேசனுக்குக் கையெழுத்து கேட்டாவல்லா, அப்போ பிள்ள பொழைக்கது கஷ்டம்னாவ. அவன் போனாலும் போட்டும், அவளக் காப்பாத்துங்கன்னுட்டேன். இப்போ எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு அவனப் பாக்கச் சொல்லுத?"

எனக்கு வந்தது கோபமா அழுகையா என்று தெரியவில்லை. ரொம்ப நேரம் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

ஜூலை 22, செவ்வாய்

1210. மூக்குக் குழாயை நேற்று எடுத்தாச்சு. இனி நெஞ்சோடு சேர்த்து வைக்கணுமாம், அந்தச் சூட்டில்தான் தேறுவானாம். எனக்குத் தையலில் சீழ், காய்ச்சல். மாஸ்க் போட்டுத் தள்ளி உட்காரத்தான் விட்டார்கள். நர்ஸ் அவரைக் கூப்பிட்டார். வாசலிலேயே நின்றார். "வேற ஆள் இல்ல. சட்டையக் கழத்திட்டு உள்ள வாங்க" என்றதும் வந்தார். மூன்று தரம் சோப்புப் போட்டுக் கை கழுவினார்.

பிள்ளையை அவர் நெஞ்சில் வைத்துத் துணி சுற்றினார்கள். குறைமாசப் பிள்ளை சில சமயம் மூச்சு விட மறந்துவிடும், உள்ளங்காலைச் சுண்டணும் என்று காட்டிக்கொடுத்துவிட்டு நர்ஸ் அடுத்த கட்டிலுக்குப் போனார்.

பத்து நிமிஷம் இருக்கும். பிள்ளையின் மூச்சைக் காட்டும் மிஷின் கத்தியது. பிள்ளை உதடு நீலம். நான் எழுந்திருப்பதற்குள் அவர் துணிக்குள் கையை விட்டுச் சுண்டினார். ஒன்றுமில்லை. திரும்பவும் சுண்டினார்.

"ஏலே, மூச்சு விடுலே. அப்பா தெரியாமச் சொல்லிட்டேம்ல."

மூன்றாவது சுண்டலுக்குப் பிள்ளை காலை வெடுக்கென்று இழுத்தான். அழுதான். உதடு சிவந்தது.

நர்ஸ் ஓடிவந்து பார்த்துவிட்டு, இன்றைக்குப் போதும், குடுங்க என்று கை நீட்டினார். அவர் கொடுக்கவில்லை. இதை எழுதும்போதும் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறார்.