செங்கலும் பாசியும்

மார்ச் 4, செவ்வாய்

ஒட்டுப்போர்வைக்கான துண்டுகளை வெட்டி முடித்தாயிற்று. நான்கு நிறம்: செங்கல் சிவப்பு, பாசிப் பச்சை, நீலம், மஞ்சள். பின்னறைச் சுவரில் பழைய கம்பளியை ஆணியடித்துத் தொங்கவிட்டிருக்கிறேன். துணித்துண்டை அதன்மேல் வைத்து அழுத்தினால் போதும், பசை இல்லாமலே ஒட்டிக்கொள்கிறது. எல்லாம் எட்டு முனை நட்சத்திரங்கள். ஒரு முனை செங்கல் என்றால் அடுத்தது பாசி. ஒரே ஒரு துண்டு இடம் மாறினாலும் நட்சத்திரம் நொண்டும். தைக்க எடுக்கும்போது குழம்பாமல் இருக்க வரிசைக்கு ஒரு தட்டு, தட்டில் எண் எழுதிய சீட்டு. சாப்பிடத்தான் வீட்டில் தட்டு இல்லை.

என் வீட்டுக்காரரிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். "அந்தச் சுவர்ல கை வச்சீங்க, அவ்வளவுதான். அந்த ரூம்ல ஃபேனும் போடக்கூடாது." நூலகத்தில் காலமெல்லாம் புத்தகம் அடுக்கி ஓய்வு பெற்றவர். கீழே கிடப்பதை எடுத்து இடத்தில் வைக்காவிட்டால் அவருக்குக் கை அரிக்கும். நல்ல பிள்ளையாகத் தலையாட்டினார்.

மகள் வேலைக்குப் போயிருக்கும் மலைப்பக்கம் குளிர் எலும்பைத் துளைக்கிறதாம். அடுத்த மாதம் வருகிறாள். அதற்குள் முடிக்க வேண்டும்.

மார்ச் 6, வியாழன்

பல் மருத்துவமனையில் எனக்கு மதியம் வரை வரவேற்பு மேசை. முடிந்து வந்து சுவரைப் பார்த்தால், செங்கல் இருக்க வேண்டிய இடத்தில் பாசி. பாசிக்குப் பக்கத்தில் இன்னொரு பாசி! காலையில் சரியாகத்தானே வைத்தேன்? வைத்தேனா?

மார்ச் 9, ஞாயிறு

நேற்று தைத்த வரிசை தப்பு. தட்டும் சரி, சீட்டும் சரி, துண்டுதான் தப்பு. உட்கார்ந்து தையலைப் பிரித்தேன். பிரித்ததை மறுபடி சுவரில் ஒட்டும்போது ஒவ்வொன்றையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஒட்டினேன். செங்கல், பாசி, செங்கல், பாசி. யாராவது கேட்டிருந்தால் வீடு கட்டுகிறேன் என்று நினைத்திருப்பார்கள்.

மார்ச் 11, செவ்வாய்

மறுபடியும்.

மார்ச் 12, புதன்

மூக்குக்கண்ணாடி ஃப்ரிட்ஜில் கிடைத்தது. மருத்துவமனையில் பல் பிடுங்க வந்தவரை, பல் கட்ட வந்தவர் என்று உள்ளே அனுப்பிவிட்டேன். டாக்டர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அக்காவுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. முதலில் சாவி, அப்புறம் அடுப்பு, அப்புறம் என் பேர். போன மாதம் போனபோது, "நீங்க யாரு வீட்டுப் பொண்ணும்மா?" என்று கேட்டாளே. எனக்கும் அதுதானா? எனக்கும் அதே வயதுதானே நெருங்குகிறது?

அவரிடம் சும்மா கேட்பது போலக் கேட்டேன்: "அந்தச் சுவர்ப் பக்கம் போனீங்களா?"

"எனக்கு அங்க என்ன வேலை?"

அதற்குமேல் கேட்கவில்லை. கேட்டால், எனக்கு எது நினைவில்லை என்று அவர் கேட்பார்.

மார்ச் 14, வெள்ளி

மகளிடம் போனில் உளறிவிட்டேன். "அம்மா, வேலைக்குப் போறதுக்கு முன்னாடி சுவரை ஒரு போட்டோ எடுங்க. வந்து பாருங்க. அப்ப தெரிஞ்சுடும்" என்றாள். இந்தச் சின்ன விஷயம் எனக்குத் தோன்றவில்லை பாருங்கள். அதுவும் ஓர் அறிகுறிதானோ?

மார்ச் 15, சனி

காலையில் போட்டோ எடுத்தேன். எல்லாம் சரியாக இருந்தது. மதியம் வந்து பார்த்தேன். மாறியிருக்கிறது.

நான் இல்லை. நான் இல்லவே இல்லை!

சமையலறையில் போய் அழுதேன். சந்தோஷத்தில்தான். பிறகுதான் உறைத்தது. வீட்டில் இருப்பது அவர் ஒருவர். வேண்டுமென்றே செய்கிறாரா? எதற்கு?

மார்ச் 16, ஞாயிறு

போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு விஷயம் புரியவே இல்லை. நீலமும் மஞ்சளும் அவை இருந்த இடத்திலேயே இருக்கின்றன. மாறுவதெல்லாம் செங்கலும் பாசியும்தான். விளையாட்டுக்குச் செய்கிறவர் இவ்வளவு ஒழுங்காகவா செய்வார்?

போனை அவர் முன்னால் நீட்டினேன். மனிதர் முழித்தார்.

"நீ வேலைக்குப் போனப்புறம் புழுக்கமா இருந்துது. ஃபேன் போட்டுப் படுத்தேன். நாலஞ்சு கீழ விழுந்துடுச்சு. நீ வந்தா கத்துவியேன்னு எடுத்து வச்சேன்."

"தினமுமா?"

"தினமும்தான் புழுக்கமா இருக்கு."

"எடுத்து வைக்கிறவர் ஒழுங்கா வைக்கக்கூடாதா?"

"எந்த எடத்துல இருந்துச்சோ அந்த எடத்துலதான் வச்சேன்!" குரல் உயர்ந்துவிட்டது. அவர் பொய் சொல்லும்போது குரல் உயராது, எனக்குத் தெரியும்.

தட்டிலிருந்து இரண்டு துண்டுகளை எடுத்து அவர் கையில் வைத்தேன். "இதுல பச்சை எது?"

ஜன்னல் பக்கம் போனார். தூக்கிப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார் — அதில் விடை எழுதியிருக்கிறதா என்று பார்ப்பவர் போல. கடைசியில், "ரெண்டும் ஒண்ணுதானே?" என்றார்.

ஜன்னலோரம் அவரை உட்காரவைத்துக் கேட்டேன்.

சின்ன வயதிலிருந்தே அப்படித்தானாம். ரயில்வே வேலைக்குக் கண் பரிசோதனையில் தள்ளிவிட்டார்களாம். அவர் அப்பா ஊர் முழுக்கச் சொல்லிச் சிரித்தாராம். "கல்யாணத்துக்கு முன்னாடி சொல்லப் பயம். அப்புறம் சொல்ல வெக்கம். அப்புறம் எதுக்குச் சொல்லணும்னு விட்டுட்டேன்."

நான் பைத்தியமாகப் போகிறேன் என்று இத்தனை நாள் செத்துப் பிழைத்தேனே, இந்த மனுஷன் ஃபேனுக்கடியில தூங்கிட்டு இருந்திருக்கார்! அதையும் சொன்னேன். அக்காவைப் பற்றி, கண்ணாடியைப் பற்றி, எல்லாவற்றையும். அவர் முகம் விழுந்துவிட்டது. "என்கிட்ட சொல்லியிருக்கலாமே" என்றார்.

யார் யாரைப் பார்த்துச் சொல்வது!

மார்ச் 17, திங்கள்

கோபமா, பாவமா, எது என்றே தெரியவில்லை. துணிக்கடையில் எப்போதும், "உனக்குப் பிடிச்சதை எடு" என்றுதான் சொல்வார். புதிதாக ஒன்றை உடுத்திக்கொண்டு வந்து நின்றால் செய்தித்தாளுக்குள் போய்விடுவார். என்மேல் அக்கறை இல்லை என்று எத்தனை தரம் மனசுக்குள் புழுங்கியிருக்கிறேன். அதெல்லாம் இதனாலா? எல்லாமே இதனாலா? கொஞ்சம் நிஜமாகவே அக்கறையில்லாமலும் இருந்திருக்கும்தானே? எதை எந்தத் தட்டில் போடுவது? போர்வையைவிட இதைப் பிரித்துத் தைப்பதுதான் பெரும்பாடாக இருக்கிறது.

மார்ச் 20, வியாழன்

வழி கண்டுபிடித்தவர் அவர்தான். "புத்தகத்துக்கு முதுகுல நம்பர் ஒட்டுவோம்ல? அது மாதிரி ஏதாவது பண்ணேன்." செங்கல் துண்டுகளுக்கெல்லாம் பின்பக்க ஓரத்தில் ஒரு நூல் முடிச்சு போட்டேன். சுவரில் இருக்க வேண்டியதைக் காகிதத்தில் வரைந்து, முடிச்சு வர வேண்டிய இடத்தில் புள்ளி வைத்தேன். இப்போது விரலால் தடவிப் பார்த்து அவரே வரிசை வரிசையாக எடுத்துத் தருகிறார், நான் தைக்கிறேன். ஒன்றுகூடத் தப்பவில்லை. அவருக்குக் கொஞ்சம் கர்வம்கூட வந்துவிட்டது.

மார்ச் 22, சனி

ஃபேனுக்கு அனுமதி கொடுத்தாயிற்று.

மார்ச் 30, ஞாயிறு

முடிந்தது. மூலைகள் எல்லாம் ஒன்றோடொன்று சேர்ந்திருக்கின்றன. மருத்துவமனையில் இன்னும் பேர்களை மாற்றித்தான் கூப்பிடுகிறேன். டாக்டர் சொன்னார், "வந்த நாள்லேர்ந்தே நீங்க அப்படித்தான்மா."

ஏப்ரல் 6, ஞாயிறு

மகள் வந்தாள். இந்த வெயிலிலும் போர்வையைப் போர்த்திக்கொண்டு வீடெல்லாம் நடக்கிறாள்.

அவள் வாங்கி வந்த துணியை மாலையில் உடுத்திக்கொண்டு கூடத்துக்கு வந்தேன். அவர் செய்தித்தாளைக் கீழே வைத்தார். மகள் பக்கத்தில் இருக்கிறாள் என்றும் பார்க்காமல், "இது என்ன கலர்?" என்று கேட்டார்.

"அரக்கு" என்றேன்.

கொஞ்ச நேரம் பார்த்தார். "உனக்கு நல்லா இருக்கு."

அவருக்கு என்ன தெரிந்ததோ, தெரியாது. காதில் விழாதது போல நின்று, இன்னொரு தரம் சொல்லவைத்தேன்.