கையை ஆட்டாதே என்றேன்

8-6-81, திங்கள்

விடியும்போதே வெக்கை. பள்ளிக்கூடம் திறந்த நாள். செல்விக்குப் பச்சைப் பாவாடை, இரட்டைச் சடை, புதுச் சிலேட்டு. எட்டு வயது முடிந்துவிட்டது. மூன்றாவது வருஷமாக அதே வாசலில் போய் நின்றேன்.

தலைமையாசிரியர் கெட்டவர் இல்லை. "ஏனுங்கம்மா, காது கேக்காத புள்ளைக்கு நான் என்னத்தைங்க சொல்லிக் குடுக்கறது? ஒரே ரூமுல மூணு கிளாஸு நடக்குது. வேணும்னா வந்து உக்காந்துட்டுப் போவட்டும். பேரு எழுத முடியாதுங்க."

உட்கார வைத்துவிட்டு வந்தேன். பதினோரு மணிக்குத் தானாக எழுந்து வீட்டுக்கு வந்துவிட்டாள். சிலேட்டில் ஒரு கோடுகூட இல்லை.

மத்தியானம் வழக்கமான பேச்சுப் பயிற்சி. அவள் உள்ளங்கையை என் தொண்டையில் வைத்துக்கொண்டு அம்மா, பால், பூ. இரண்டு வருஷத்தில் அவளுக்கு வந்தவை:
ம்மா.
பூ.
பா (அப்பாவா, பாலா, தெரியாது).

தண்ணீர் கேட்கக் கையைத் தூக்கினாள். புறங்கையில் ஒன்று வைத்தேன். சேலத்து டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார்: கை பழகிவிட்டால் வாய் திறக்காது, கையாட்ட விடாதீர்கள் என்று.

மோட்டாருக்குக் கரண்ட் இல்லை. மரவள்ளி வாடுகிறது.

14-6-81, ஞாயிறு

இவர் நேற்று லாரி பட்டறையில் கேட்டு வந்த செய்தி. சேந்தமங்கலத்தில் காந்திமதி என்று ஒரு தையல்காரப் பெண். பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் இல்லை. தனியாகக் கடை நடத்துகிறாளாம்.

"பேசாதவகிட்டப் போயி நாம என்ன கத்துக்கறது?" என்றேன்.

"பேசாமயே பொழைக்கறாளே, அதைக் கத்துக்கத்தான். ஒருக்கா போயிட்டு வா. என்ன கொறஞ்சு போவுது?"

வாய்ச்சண்டை. உண்மையில் எனக்குப் பயம். அந்தப் பெண்ணைப் போய்ப் பார்த்தால், செல்வி இனிப் பேசமாட்டாள் என்று நானே ஒப்புக்கொண்டது போல.

17-6-81, புதன்

போய் வந்தேன். ராசிபுரம், நாமக்கல், இரண்டு இடத்தில் பஸ் மாறி. செல்விக்கு ஜன்னல் சீட். கொல்லிமலை கண்ணில் பட்டதும் எழுந்து நின்றுவிட்டாள்.

கடை சின்னது. காந்திமதிக்கு முப்பது வயது இருக்கும். பக்கத்தில் பட்டன் தைத்துக்கொண்டு அவள் அக்கா ருக்குமணி. இரண்டு பேரும் கையால் பேசிக்கொள்கிற வேகம்! சண்டையோ என்று நினைத்தேன். மதியம் என்ன சமையல் என்றுதானாம்.

காந்திமதி செல்வியைப் பார்த்துக் கையால் ஏதோ கேட்டாள். செல்வி இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள். என் முகத்தையே பார்த்தாள்.

"ஏனுங்க, அம்முணி கையை ஒளிச்சுக்குது?" என்றார் ருக்குமணி.

சொன்னேன். டாக்டர் சொன்னதையும், நான் அடித்ததையும்.

ருக்குமணி கையிலிருந்த பட்டனைக் கீழே வைத்தார். பிறகு தங்கையிடம் கையால் சொன்னார். காந்திமதி மெஷினை நிறுத்தினாள். திட்டுவாள் என்று நினைத்தேன். முகத்தைத் திருப்பிக்கொண்டாள், அவ்வளவுதான்.

"இவளையும் சின்னதுல ஒரு ஆஸ்டல் பள்ளிக்கோடத்துல சேத்தோமுங்க. அங்கயும் கையாட்டக் கூடாதும்பாங்க. வாத்தியாரு அந்தப் பக்கம் போனதும் புள்ளைங்களா ஒண்ணுக்கொண்ணு சொல்லிக் குடுத்துக்குமாம். இவளுக்கு வந்த படிப்பு அதுதானுங்க."

கிளம்பும்போது செல்வி ஒரு கையை முன்னால் எடுத்திருந்தாள். கத்தரிக்கோல் வெட்டுவது போல இரண்டு விரல். நான் வேறு பக்கம் பார்த்தேன். பார்க்காமல் இருந்தால்தான் செய்வாள் என்று.

இரண்டு வருஷம். எழுநூறு நாளுக்கு மேல்.

28-6-81, ஞாயிறு

இனி ஞாயிறுதோறும் சேந்தமங்கலம். காந்திமதி சம்மதித்துவிட்டாள். செல்வி அவளோடு மெஷின் பக்கத்தில். நான் ருக்குமணியிடம் பாடம். இன்று கற்றவை: சாப்பாடு, தண்ணீர், நாளை, மழை, வலி, போதும்.

'வலி'யை நான் 'மழை' மாதிரி செய்கிறேனாம். செல்வி சிரித்தாள். என்னைப் பார்த்துச் சிரித்து எத்தனை நாளாயிற்று!

வீட்டுக்கு வந்தால் மறுபடி கை அடங்கிவிடுகிறது. நான் ஏதாவது எடுக்கக் கையைத் தூக்கினாலே சுருங்குகிறாள்.

19-7-81, ஞாயிறு

ஆடிக் காற்று. பஸ் பூராவும் புழுதி. நிலக்கடலை விதைப்பு பாக்கி.

ருக்குமணி இன்று சொன்னார். கையால் பேசுகிறவர்கள் ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு அடையாளம் வைத்துக்கொள்வார்களாம், அதுதான் பெயர். செல்வி எல்லாருக்கும் பெயர் வைத்துவிட்டாளாம். அப்பாவுக்கு மீசை முறுக்கு. தலைமையாசிரியருக்குக் கண்ணாடி. காந்திமதிக்குக் கத்தரிக்கோல்.

"எனக்குங்க?"

"அதெல்லாம் புள்ளைங்க வெளையாட்டுங்க. மாத்திக்கும்."

"பரவாயில்ல, சொல்லுங்க."

சொல்லவில்லை. காட்டினார். இடது புறங்கையில் வலது கையால் ஒரு அடி.

பஸ்ஸில் செல்வி என் தோளில் சாய்ந்து தூங்கினாள். எனக்கு எதையும் பார்க்கப் பிடிக்கவில்லை.

2-8-81, ஞாயிறு

காய்ச்சல். செல்வியை இவர் கூட்டிப்போனார். அவரும் நான்கு சொல் கற்று வந்திருக்கிறார். 'மாடு' நன்றாகச் செய்கிறார்.

30-8-81, ஞாயிறு

நேற்றிரவு நல்ல மழை. சேந்தமங்கலம் போகவில்லை. காந்திமதியும் ருக்குமணியுமே இங்கே வந்தார்கள். தலைமையாசிரியர் ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு வகுப்பறையைத் திறந்துவிட்டிருக்கிறார். "பேரு எழுதத்தான் முடியலை, சாவியாச்சும் தாரேனுங்க." அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்தும் சேர்த்து, காது கேட்காத பிள்ளைகள் மொத்தம் நான்கு பேர்.

புதிதாக அயோத்தியாப்பட்டணத்திலிருந்து ஒரு தாய். இடுப்பில் மூன்று வயதுப் பெண் குழந்தை. கேள்விப்பட்டு இவ்வளவு தூரம் வந்திருக்கிறாள். வந்ததும் என்னிடம், "டாக்டரு கையாட்ட விடாதன்னு சொல்றாரு. இது கேக்கவே மாட்டேங்குது. கையைக் கட்டி வெச்சுப் பாக்கலாமான்னு இருக்குதுக்கா."

நான் செய்ததை அவளிடம் முழுதாகச் சொன்னேன். என் பெயர் என்ன என்பதையும் காட்டினேன். அவள் குழந்தையின் விரல்களைத் தன் கைக்குள் பொத்திக்கொண்டாள்.

பலகையில் உட்கார்ந்து செல்வி காந்திமதிக்கு ஏதோ நீளமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். இரண்டு கையாலும், முகத்தாலும். எனக்குப் பாதிகூடப் புரியவில்லை.

அந்தத் தாய் அவளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டாள்: "இப்ப பாப்பாவுக்கு உங்க மேல கோவம் இருக்குதாக்கா?"

"தெரியலைங்க. அதைக் கேக்கற அளவுக்கு எனக்கு இன்னும் கை வரலை."