தட்டின் கடைசியில் ஒரு சிரிப்பு

கார்த்தஹேனா, ஒலாயா
அக்டோபர், 1983

கடல்மேல் இருக்கிறாயோ, கரைமேல் இருக்கிறாயோ, எங்கிருந்தாலும் உடம்பு சுகமாக இருக்க வேண்டிய என் மகன் வில்ஃபிரிடோவுக்கு, அப்பா நிக்கானோர் காசெரெஸ் ஆசீர்வாதத்தோடு சொல்லி எழுதச் செய்தது.

எழுதுவது மருந்துக்கடை எமெரித்தா. எனக்கு எழுத்து வராது, உன் அம்மாவுக்கும் வராது. இதில் உள்ள ஒரு சொல்லையும் உன் அம்மா பெட்ரோனாவிடம் சொல்லக் கூடாது என்று கந்தெலாரியா மாதாமேல் சத்தியம் வாங்கிக்கொண்டுதான் ஆரம்பிக்கிறேன். “நான் வாயத் திறந்தா இந்தத் தெருவுல பாதிக் கல்யாணம் நின்னுடும், சும்மா சொல்லுங்க பெரியவரே” என்கிறாள்.

இங்கே மழை விடவில்லை. சதுப்புத் தண்ணீர் ஏறி வீட்டுக்குள் வந்து போனது. தெரு ஆட்டங்களுக்குப் பாட்டுப் போடும் நம் ‘நீல நண்டின்’ ஒலிபெருக்கிகளைக் கட்டில்மேல் ஏற்றிவிட்டேன். “பெட்டிக்குக் கட்டில், பொண்டாட்டிக்குச் சேறா?” என்று உன் அம்மா தெருவே கேட்கக் கத்தினாள். முகப்புத் துணியில் வரைந்த நண்டுக்கு ஒரு கொடுக்கு மட்டும் நனைந்து சாயம் போய்விட்டது. அதைப் பார்த்துவிட்டு, நமக்குப் போட்டியாகப் பாட்டுப் போடும் ‘கறுப்புச் சேவல்’ பாஸ்குவால், “என்ன அண்ணே, நண்டு நொண்டியாயிடுச்சாமே, இந்த வருசத் திருநாளுக்கு சூப்புதானா?” என்று கேட்டுவிட்டுப் போகிறான். போகட்டும்.

நீ கடைசியாக எழுதியது ஈஸ்டருக்கு முன்னால். டேப் மெஷினைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் பாட்டுப் பதிவு செய்யும் ஒருவரோடு, பாட்டரி சுமக்கிற ஆளாகக் கப்பல் இளைப்பாறும் நாட்களில் போவதாகச் சொல்லியிருந்தாய். எமெரித்தாதான் வாசித்தாள். அதன் பிறகு ஒன்றுமில்லை. கப்பல் கம்பெனி ஆபீசுக்குப் போனேன். கப்பலை ஆப்பிரிக்காவிலேயே விற்றுவிட்டார்களாம், ஆட்களுக்குக் கணக்கு முடித்து இறக்கிவிட்டார்களாம், அதற்குமேல் அவர்களுக்குத் தெரியாதாம். மேஜைக்குப் பின்னால் இருந்த பையன் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான். அதனால் நீ முன்பு கொடுத்த டக்கார் மாலுமிகள் விடுதி விலாசத்துக்கே இதை அனுப்புகிறேன். நீ அங்கே இல்லாவிட்டாலும் உன்னைத் தெரிந்த யாராவது கையில் வாங்கி உன்னிடம் சேர்க்க வேண்டும்.

நீ அனுப்பிய இசைத்தட்டு வந்து சேர்ந்தது. துறைமுகத்தில் ஒரு கிரேக்க மாலுமி சுமைகூலிக்காரனிடம் கொடுத்து, அவன் இன்னொருவனிடம் கொடுத்து, அழுக்குத் துணியில் சுற்றி வந்தது. கூடக் கடிதம் இல்லை. ஆனால் மூலையில் நீ போடும் இரட்டை முடிச்சு இருந்தது. அதைப் பார்த்ததும் எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

அங்கேதான் ஒரு முட்டாள்தனம் செய்தேன் மகனே. வழக்கம்போல உறையை அடுப்பில் போட்டேன். நடுவில் ஒட்டியிருந்த சீட்டை ஈரத் துணியால் ஊறவைத்து, சோடா மூடியால் சுரண்டி எடுத்தேன். பாட்டின் பெயரோ ஊரோ வெளியே தெரிந்தால் பாஸ்குவால் அடுத்த கப்பலிலேயே வரவழைத்துவிடுவான் அல்லவா? கை தானாகச் செய்துவிட்டது. எமெரித்தா ஓடி வந்து, “குடுங்க, நான் வாசிச்சுச் சொல்றேன்” என்று கேட்டபோது அவள் கையில் நான் கொடுத்தது சிவப்புக் காகிதச் சுருள். எந்த ஊர், எந்தத் துறைமுகம், எல்லாம் அதில்தானே இருந்திருக்கும்? உன் அம்மா அன்று கத்தவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

சாயங்காலம் முற்றத்தில் போட்டுக் கேட்டோம். அக்கம்பக்கத்தார் வழக்கம்போல நாற்காலியோடு வந்துவிட்டார்கள். நீ ஹைத்தியிலிருந்து அனுப்பிய தட்டில் மூங்கில் குழல்காரன் நடுவில் இருமுவான், மடகாஸ்கர் தட்டில் கிழவி பாட ஆரம்பிக்கும் முன் ஒரு குழந்தை சிணுங்கும், அதற்கெல்லாம் காத்திருந்து சிரிக்கிறவர்கள் அவர்கள். இந்தத் தட்டில் பெண்கள் கைதட்டிப் பாடுகிறார்கள். கட்டைவிரலால் இரும்பு நாக்குகளைத் தட்டுகிற அந்தச் சின்னப் பெட்டி, தகரத்தில் மழை விழுவது போல ஓடிக்கொண்டே இருக்கிறது. தூரத்தில் ஒரு சேவல். பக்கத்து வீட்டு எலிக்கியோ கண்ணை மூடிக்கொண்டு, “இவளுக நம்ம பலேங்கே ஊர்ப் பொம்பளைங்கதான், யாரோ கடத்திட்டுப் போய்ப் பாட வெச்சிருக்கான்” என்றான். பாட்டு முடிந்தது. ஊசி உள்வட்டத்துக்குப் போகும் நேரத்தில் ஒரு ஆண் சிரித்தான்.

உன் அம்மா மீன் செதிள் ஒட்டிய கையோடு அடுக்களையிலிருந்து வெளியே வந்தாள். “இது என் பிள்ளை” என்றாள். “திரும்பப் போடுங்க.”

போட்டேன். எத்தனை முறை என்று கேட்காதே.

இத்தனை வருடம் அந்த மெஷினைத் தொடாதவள் இப்போது ஊசி வைக்கக் கற்றுக்கொண்டாள். காலையில் காப்பி இறக்கியதும் ஒரு முறை. படுக்கும் முன் ஒரு முறை. நடுவில் நான் வெளியே போனால் கணக்கில்லை. ஆட்டத்தன்று ஊசி குதிக்காமல் இருக்க அதன் கைமேல் ஒட்டிவைக்கும் காசை எடுத்துவிட்டேன், பாரம் குறையட்டும் என்று. புது ஊசியும் மாற்றினேன். ஆனாலும் வட்டம் சின்னதாகும் இடத்தில்தான் ஊசி அதிகம் அறுக்கும். அந்தச் சிரிப்பு இருப்பதும் அங்கேதான்.

இனி சொல்வதை எமெரித்தா அப்படியே எழுத வேண்டும், மழுப்பக் கூடாது. அது உன் சிரிப்பு மாதிரிதான் இருக்கிறது. ஆனால் நீ எட்டு வயதில் நண்டின் பெட்டிமேல் ஏறி விழுந்து முன்பல்லைப் பாதி உடைத்துக்கொண்டாய். அன்றிலிருந்து நீ சிரித்து முடிக்கும்போது காற்று ஒரு சின்ன விசில் அடிக்கும். இருட்டில் பத்துப் பேர் சிரித்தாலும் உன்னை நான் அதை வைத்துத்தான் கண்டுபிடிப்பேன். முதல் நாள் தட்டில் அந்த விசில் இல்லை. அதை உன் அம்மாவிடம் மறைத்துவிட்டேன்.

போன வாரம் உன் அம்மா என்னை உலுக்கி எழுப்பினாள். “கேளுங்க கிழவரே, இப்ப விசில்கூட வருது. முன்ன நாமதான் சரியாக் கேக்கல” என்றாள். கேட்டேன். வருகிறது. அது பல் இல்லை மகனே, தேய்மானம். அவள் கேட்கக் கேட்க ஊசி அறுத்து, அந்த இடத்தில் ஒரு சீறல் உண்டாகிவிட்டது. “ஆமாம் பெட்ரோனா, வருது” என்றேன்.

இதற்கிடையில் பலேங்கேயிலிருந்து உன் சிக்ஸ்தா அத்தை வந்தாள். நல்ல மனதோடுதான் வந்தாள். கடலுக்குப் போனவன் விஷயத்தில் உடம்புக்காகக் காத்திருக்க வேண்டாம், ஒன்பது இரவு உட்கார்ந்து பாடி வழியனுப்பினால் ஆத்மா அலையாது என்றாள். உன் அம்மா அவள் கொண்டுவந்த மெழுகுவத்திகளைப் பிடுங்கித் தண்ணீரில் எறிந்தாள். “சாவுப் பாட்டு பாடணும்னா உன் வீட்ல பாடு. என் வீட்ல என் பிள்ளை சிரிச்சுக்கிட்டிருக்கான்!” என்றாள். அத்தை அழுதுகொண்டே பஸ் ஏறினாள்.

அதன் பிறகுதான் உன் அம்மா முடிவெடுத்தாள். நவம்பர் பதினொன்றாம் தேதி, ஊர் சுதந்திரத் திருநாள் அன்று, தெருவின் இந்த முனையில் நண்டும் அந்த முனையில் சேவலும் நிற்கும்போது, இந்தத் தட்டைத்தான் போட வேண்டுமாம். முழுச் சத்தத்தில். “செத்துட்டான்னு குசுகுசுன்னு பேசறவங்க எல்லாம் காதால கேக்கட்டும்” என்கிறாள். பச்சைச் சட்டை தைக்கக் கொடுத்திருக்கிறாள். ஒலிபெருக்கி பக்கத்தில் தானே நிற்பாளாம்.

நான் எப்படி வேண்டாம் என்பேன்? ஆனால் பாஸ்குவால் எதிரே நிற்பான். அவனுக்கும் என்னைப் போலக் காது. அந்தச் சீறலைக் கேட்ட மறு நிமிடம் “தேஞ்ச தட்டு! தேஞ்ச தட்டு!” என்று ஒலிவாங்கியில் கூவுவான். அவன் அதைக் கெட்ட எண்ணத்தில் செய்ய மாட்டான், ஆட்டத்தில் அதுதான் வழக்கம், நானும் அவனை அப்படிக் கூவியிருக்கிறேன். ஆனால் உன் அம்மா அங்கேயே புரிந்துகொள்வாள். அவள் அன்று ராத்திரியே ஒன்பது இரவுக்கு உட்கார்ந்துவிடுவாள். உட்கார்ந்தால் எழுந்திருப்பாள் என்று எனக்குத் தோன்றவில்லை.

பாஸ்குவாலிடம் போய்க் கெஞ்சலாமா என்று யோசித்தேன். வாசல்வரை போய்த் திரும்பிவிட்டேன். அவனிடம் சொன்னால், அது நீ இல்லை என்று நானே சொன்னதாகிவிடும்.

இதுவரை எழுதிவிட்டு எமெரித்தா பேனாவை வைத்துவிட்டாள். “பெரியவரே, வேலைக்குப் போற இடத்துல பல்லு கட்டிக்க மாட்டானா? இருபத்தாறு வயசுப் பையன், பொண்ணுங்களப் பாத்துச் சிரிக்க வேணாமா?” என்று கேட்கிறாள். எனக்கு இந்த யோசனை இதுவரை வரவேயில்லை. பல்லைக் கட்டிக்கொண்டால் விசில் இருக்காது அல்லவா? இருக்காது. முதல் நாள் நான் கேட்ட சிரிப்பில் விசில் இல்லை.

அதனால் ஒன்றே ஒன்று கேட்கிறேன். பணம் வேண்டாம், தட்டு வேண்டாம், வராததற்குக் காரணம்கூட வேண்டாம். திருநாளுக்கு முன்னால் தந்தியாவது அடி. உன் அம்மா பெயருக்கு அனுப்பு, எமெரித்தா உரக்க வாசிப்பாள்.

கந்தெலாரியா மாதா உன்னை நனையாமல், பசிக்காமல், தனியாக விடாமல் காப்பாற்றட்டும். உன் தலைமேல் என் இரண்டு கையும் இருக்கிறது.

அந்தப் பல்லைக் கட்டிக்கொண்டாயா, வில்ஃபிரிடோ? கட்டிக்கொண்டேன் என்று சொல்.

உன் அப்பா,
நிக்கானோர்
(இதன் கீழே இருப்பது என் பெருவிரல் ரேகை)