கடைவாயில் ஓர் ஓட்டை

மார்ச் 4, திங்கள்

அப்பாவின் குழாய்வேலைக் கருவிப் பையிலிருந்து டார்ச்சைச் சுட்டுக்கொண்டு வந்து போர்வைக்குள் எழுதுகிறேன். ஸ்பானர்களுக்கு நடுவே வலி மாத்திரை அட்டை வேறு. குழாய்க்கும் தலைவலி வருமோ?

முதலில் கைக்கண்ணாடியில் வாயைப் பார்த்தேன். இடது பக்கக் கீழ்க் கடைவாய்ப் பல்லில் கறுப்பாக ஓர் ஓட்டை. நாக்குக்கு எப்போதோ தெரியும். வீட்டுக்குத் தெரியக் கூடாது. தெரிந்தால் அப்பாவின் தீர்ப்பு எனக்கு மனப்பாடம்: "பல் டாக்டர்கிட்ட வாயைத் திறந்தா பிடுங்காம மூட விடமாட்டான்." சாட்சி, பெரியப்பா. ஒரு பல் மிச்சமில்லை, முழுக்கக் கட்டுப்பல். இங்கே தங்கினால் அதைக் கழற்றி டம்ளர் தண்ணீரில் போட்டுவைப்பார். காலையில் முகம் கழுவப் போனால், ஆளே இல்லாமல் அது மட்டும் என்னைப் பார்த்துச் சிரிக்கும்.

மார்ச் 6

தேய்க்கும்போது இன்றும் ரத்தம். அம்மா பார்த்துவிட்டாள். "ரத்தம் வந்தா பிரஷ்ஷைத் தொடாதடி. வெறும் தண்ணில கொப்புளி, போதும்." ஆகா! காலில் சேறு ஒட்டினால் கால் கழுவாதே என்பது போல. ஆனாலும் கேட்டுக்கொண்டேன். சோம்பேறிக்கு எந்த வைத்தியமும் பிடிக்கும்.

அக்கா நேர் எதிர். செருப்புக் கடைக் கவுன்ட்டரில் சிரிப்பதுதான் உத்தியோகம். பல் தேய்க்கிறாளா, அடிப்பிடித்த பாத்திரம் தேய்க்கிறாளா? வாங்கிய வாரமே பிரஷ் கட்டறுந்த துடைப்பமாக விரிந்துவிடும். ஆனால் ஜில்லென்று தண்ணீர் குடித்தால் மகாராணிக்குக் கண் மூடிக்கொள்கிறது. ஏன் என்று கேட்டால் முறைக்கிறாள்.

மார்ச் 9

பக்கத்து வீட்டில் ஐஸ்கிரீம் கொடுத்தார்கள். உயிர் போய்த் திரும்பி வந்தது.

மார்ச் 10

கன்னத்தில் வைத்த கையே காட்டிக்கொடுத்துவிட்டது. ஊரார் வீட்டுக் குழாய் ஓட்டையெல்லாம் அடைக்கிறவர் என் அப்பா. மகள் பல்லில் ஓட்டை என்றதும் செய்தது என்ன? மாத்திரையை நசுக்கி ஈறில் அப்பினார். "முழுங்கினா வயித்தைச் சுத்திட்டு வர நேரமாகும். வலிக்கிற எடத்துலயே வை. துப்பிடாதே." ஒழுகும் இடத்தில்தானே பூச வேண்டும்! என்ன மூளை! நெருப்பாக எரிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு பொறுக்கலாம் என்றால் அதற்கும் வழியில்லை.

மார்ச் 11

மாத்திரை வைத்த இடம் வெள்ளையாகிவிட்டது. தோல் உரிகிறது. வகுப்பில் பக்கத்தில் உட்காருகிறவளிடம், யாருக்கோ என்பது போல் கேட்டேன். "வாயில வெள்ளையா வந்தா புற்றுநோய்டி." அறிவியலில் பாஸ் ஆகவே தண்ணீர் குடிக்கிறவள். அவள் பேச்சையா நம்புவது?

நம்பிட்டேன். பயமா இருக்கு. யார்கிட்ட சொல்றது? தாடையோட அறுத்துடுவாங்களா? செத்துப்போறதுக்கு முன்னாடி இந்த டார்ச்சைத் திருப்பி வச்சிடணும். அப்பா தெனம் தேடறார்.

மார்ச் 13

ஒரே பக்கமாக மெல்வதை அக்கா கவனித்துவிட்டாள்.

"வாயைத் திற."

"மாட்டேன்."

"திறக்கறியா, மூக்கைப் பிடிக்கவா?"

பார்த்தாள். முகம் மாறியது. நாளை கடைக்கு லீவு போடுகிறாளாம், பல் டாக்டரிடம் போகிறோமாம். இவளுக்கு யார் கொடுத்த அதிகாரம்?

மார்ச் 14

டாக்டர் ஒரு பெண். கையில் குறடு இல்லை. எங்கேயாவது ஒளித்து வைத்திருப்பார் என்று காத்திருந்தேன்.

"இங்க மாத்திரை வச்சியா? வெந்துபோயிருக்கு, ஆறிடும். மாத்திரை முழுங்கறதுக்குத்தான், பூசறதுக்கு இல்லை."

"புற்றுநோய் இல்லையா?"

"எந்த டாக்டர் சொன்னாங்க?" சிரித்தார். மரத்துப்போக ஊசி போட்டார், சொத்தையைச் சுரண்டினார், அடைத்தார். நரம்பு வரை போகவில்லையாம். பல் அங்கேயேதான் இருக்கிறது! ஈறில் ரத்தம் வருவதே அழுக்கு சேர்ந்ததால்தானாம். நிறுத்தாமல் மெதுவாகத் தேய்க்க வேண்டுமாம். அம்மாவிடம் யார் சொல்வது?

பிறகு அக்கா வாயைப் பார்த்தார். "அழுத்தித் தேய்ச்சே ஈறு கீழ இறங்கிடுச்சு. அதான் பல் கூசுது. மெத்துன்னு ஒரு பிரஷ் வாங்கும்மா." மகாராணியின் முகம் விழுந்துவிட்டது. சிரித்திருக்க வேண்டும் நான். வரவில்லை. எனக்கு ஊசி போட்டபோது கையைப் பிடித்தவள், வீடு வரை விடவே இல்லை.

மார்ச் 15

சாப்பிட்டதும் அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"நெஜமாவே பிடுங்கலையா?"

"இல்லைப்பா."

"உன் தலையணைக்கடியில என் டார்ச் இருக்குமே, எடுத்துட்டு வா."

தெரிந்தேதான் தேடியிருக்கிறார்! வாஷ்பேசினுக்கு அடியில் பார்ப்பது போல் என் வாய்க்குள் குனிந்து பார்த்தார். "வேலை சுத்தம்" என்றார். தொழில்காரர் சான்றிதழ்.

அப்புறமும் போகவில்லை. டார்ச்சை என் கையில் கொடுத்தார். "என்னைப் பெரியப்பா மாதிரி ஆக்கிட மாட்டாங்கல்ல?" என்று கேட்டுவிட்டு வாயைத் திறந்தார்.

இரண்டு பக்கமும் கறுப்புக் கறுப்பாக ஓட்டைகள். ஈறெல்லாம் வெள்ளைத் திட்டு, என்னுடையதைப் போலவே. சில பழையவை, ஒன்று புதியது. ஸ்பானருக்கு நடுவே இருந்த மாத்திரை அட்டை ஞாபகம் வந்தது.

எத்தனை கேலி சேர்த்து வைத்திருந்தேன்! ஒன்றுகூட வெளியே வரவில்லை.

"நாளைக்கு டாக்டர்கிட்ட போலாம், நானும் வரேன்ப்பா," என்றேன். "கையைப் பிடிச்சுக்கறேன்."