நீ கட்டிய கண்ணாடிப் படகு

இன்று காலை சமையலறைத் தொட்டியின் விரிசலை அடைக்க வந்தவர் சிலிக்கான் பசையைப் பிதுக்கினார். வினிகர் போன்ற அந்தப் புளித்த நெடி வீடு முழுக்கப் பரவியது. அவருக்கு டீ போடப் போனவன் பாதியிலேயே உட்கார்ந்துவிட்டேன். நீ படகு கட்டிய அந்த மார்கழி முழுக்க நம் மாடியில் இந்த நெடிதான்.

பொம்மைகளைப் பகலெல்லாம் கிளேஸ் என்கிற பளபளப்புப் பூச்சுக் குழம்பில் முக்கியெடுத்துவிட்டு, செராமிக் கம்பெனியிலிருந்து வெளுத்த விரல்களோடு வருவாய். அப்படி வந்த ஒருநாள் போனில் ஒரு படகைக் காட்டினாய். அடிமுதல் விளிம்புவரை கண்ணாடிபோல இருந்தது.

"வெளிநாட்டுல லட்சக்கணக்குல சொல்றாங்க. நம்ம வூட்டு மாடியிலயே பண்ணிடலாம்ங்க."

நான் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை.

"உங்களுக்குத் தண்ணி பயமில்ல. அடியில என்னா இருக்குதுன்னு தெரியல பாருங்க, அதான் பயம்."

சிறுவயதில் என் தம்பி எங்கள் ஊர் ஏரியில் மூழ்கிப் போனான். கலங்கிய தண்ணீரில் பெரியவர்கள் துழாவிக்கொண்டிருக்க, நான் கரையில் நின்றேன். அதன்பிறகு எந்த நீரிலும் கால் வைத்ததில்லை. வீட்டில் யாரும் அவனைப் பற்றிப் பேசியதில்லை. கல்யாணமான புதிதில் என் அத்தை சொல்லித்தான் உனக்கே தெரியும். என்னிடம் நீ ஒருநாளும் கேட்டதில்லை.

போர்ட்டிகோ கூரைக்குப் போடுகிற, கண்ணாடிபோலத் தெரியும் பிளாஸ்டிக் ஷீட்டில் வெட்டி மிஞ்சிய துண்டுகள், பிவிசி பைப்பால் சட்டம், இரு பக்கமும் மிதக்க லாரி டியூப். அவ்வளவுதான் உன் படகு. முதலில் அதற்குள் தண்ணீர் ஊற்றிப் பார்த்தாய். மூலையில் கசிந்தது. பசையை முழுவதும் சுரண்டியெடுத்துவிட்டு மறுபடி பூசினாய். வேறொரு மூலை கசிந்தது.

"விட்டுடேன்" என்றேன்.

"ஒழுவுற எடம் தெரிஞ்சிடுச்சில்ல. அப்பறம் என்னா?"

தை பிறந்து எங்கள் ஊர் ஏரித் தண்ணீர் தெளிந்ததும் படகை லோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனோம். வெள்ளாற்றங்கரையில் பிறந்த உனக்கு நீச்சல் பழக்கம். இருந்தும் நீளமான கயிற்றின் ஒரு முனையைப் படகிலும் மறுமுனையைக் கரைப் பனையிலும் கட்டினாய். நான் ஏறி உட்காரும்வரை காத்திருந்தாய்.

கரையோரத்தில் என் முழங்காலுக்குக் கீழே பாசி அசைந்தது. நத்தைகள் ஒட்டிக் கிடந்தன. கெண்டைக் குஞ்சுகள் என் பாதத்தடியில் கலைந்து ஓடின. குனிந்து பார்த்துக்கொண்டே வந்தேன். பிறகு பச்சை அடர்ந்து கறுத்தது. துடுப்பை நிறுத்தினாய்.

"இங்கதானா?"

"இன்னும் கொஞ்சம் தள்ளி."

"போலாமா, திரும்பிடலாமா? நீங்களே சொல்லுங்க."

போகலாம் என்றேன். அந்த இடத்தில் கீழே எதுவுமே தெரியவில்லை. வெறும் இருட்டு.

"இவ்வளவு பாடுபட்டும் ஒண்ணும் தெரியலியே" என்றேன்.

"தெரிய வேணாம். வந்துட்டீங்கல்ல."

அங்கேதான் தம்பிக்காக முதன்முதலாக அழுதேன். நீ என்னைத் தேற்றவில்லை. படகு அசையாமல் பிடித்துக்கொண்டாய்.

நோய் உன்னைக் கொண்டுபோனது ஒரு ஐப்பசியில். மணிமுத்தாற்றில் கலங்கிய செம்மண் நீர் ஓடிக்கொண்டிருந்தது. "மாமா, நீங்க படியிலயே நில்லுங்க, நான் கரைச்சிட்டு வரேன்" என்று மருமகன் அஸ்திக் கலயத்தை வாங்க வந்தார். கொடுக்கவில்லை. இடுப்பளவு நீருக்கு நானே இறங்கினேன். என் பாதம் எனக்குத் தெரியவில்லை. உன்னைக் கரைத்துவிட்டு, கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன்.

அன்று மாலை, நீ சொல்லி மட்டுமே அவனை அறிந்த நம் மகள் கேட்டாள்: "சித்தப்பா எப்புடிப்பா இருப்பாரு?" அவளைவிட எத்தனையோ வயது சின்னவனாகவே நின்றுபோன ஒருவனைச் சித்தப்பா என்கிறாள். சொல்ல ஆரம்பித்தேன். இன்னும் சொல்லி முடியவில்லை. நேற்று, இரண்டு விரலை மடித்து வாயில் வைத்து அவன் எப்படி விசிலடிப்பான் என்று செய்து காட்டினேன். எனக்கு வெறும் காற்றுதான் வந்தது. அவளுக்குச் சட்டென்று வந்துவிட்டது.