காக்கைக்கு வைத்த சாதம்

ஜூலை 3, வியாழன்
விடாத மழை. இவருடைய தம்பி சுதர்ஷன் பின்பக்கத்துச் சதுப்பில் மண் அடித்துக் கார் ஷெட் கட்டப் போகிறானாம். இவர் கண்ணை மூடின மறுமாதமே அந்தத் துண்டு நிலத்தைத் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டவன். அதில் ஒரு கூடை மண் விழ விடமாட்டேன்.

ஜூலை 8, செவ்வாய்
கோரைக்குள் குளக்கோழி அடைகாக்கிறது. வெள்ளை மார்பு மட்டும் தெரிகிறது. எனக்குப் பறவைப் பித்தெல்லாம் கிடையாது. வில்லேஜ் ஆபீசுக்கு மனு எழுத ஒரு காரணம் கிடைத்தது, அவ்வளவுதான். நன்றாக உட்காரடி அம்மா.

ஜூலை 17, வியாழன்
குஞ்சுகள் இறங்கிவிட்டன. ஐந்து. கரித்துண்டுக்குக் கால் முளைத்த மாதிரி. ஒரு கோழி புழுவைக் கொண்டுவந்து ஒவ்வொன்றுக்கும் ஊட்டுகிறது, அதன் ஜோடி கோரை ஓரத்தில் காவல். மனுவைப் பார்த்துப் புதன்கிழமை வில்லேஜ் ஆபீஸ் அதிகாரி வருகிறார். குஞ்சுகள் இருந்தால் வேலையை நிறுத்தச் சொல்வாராம். அப்போது சுதர்ஷன் முகத்தைப் பார்க்க வேண்டும்.

ஜூலை 19, சனி
மூன்றுதான் இருக்கின்றன. அவன் வீட்டுப் பூனை - வேறு யார்? வேண்டுமென்றே விட்டிருக்கிறான். மதிலருகே நின்று கத்தினேன். "மன்னி, அந்தக் கிழட்டுப் பூனைக்குக் கண்ணே தெரியாது" என்று சிரிக்கிறான். சிரிடா, சிரி.

ஜூலை 21, திங்கள்
கண்ணால் பார்த்துவிட்டேன். தினமும் சாப்பிடுமுன் இவரை நினைத்துப் பின்மதிலில் காக்கைக்குச் சாதம் வைக்கிறேனே, நெய் விட்டு - அதைத் தின்ற காக்கையே நேரே இறங்கி ஒரு குஞ்சைத் தூக்கிக்கொண்டு போனது. தாய் இறக்கையை விரித்துத் துரத்தியும் பிரயோஜனம் இல்லை.

நானேதான் கூப்பிட்டுச் சோறு போட்டிருக்கிறேன். ஏன்னா, போனப்புறமும் தம்பி கட்சிதானா நீங்க?

ஜூலை 23, புதன்
நேற்றே சாதத்தை முன்மதிலுக்கு மாற்றினேன். காக்கைகளும் அங்கே மாறிவிட்டன. அதிகாரி வந்தபோது மிச்சமிருந்த இரண்டும் தாயின் பின்னால் சேற்றில் ஓடின. "இப்போ மண்ணடிக்கண்டா" என்று மலையாளத்தில் வேலையை நிறுத்தச் சொல்லிவிட்டுப் போனார். சுதர்ஷன் முகத்தைப் பார்த்தேன். போதவில்லை.

ஜூலை 24, வியாழன், ஆடி அமாவாசை
முன்மதிலை ஒட்டித்தான் அவனுடைய புது வெள்ளைக் கார் நிற்கிறது. ஷெட் இல்லையே, பாவம். இன்று வடை, பாயசம் எல்லாம் தாராளமாக வைத்தேன். மட்டாஞ்சேரிக் காக்கைகள் ஒன்று பாக்கியில்லை. கார் முழுக்க எச்சம். கம்பை ஓங்கிக்கொண்டு வந்தான்.

"அமாவாசையும் அதுவுமா விரட்டாதே. உங்க அண்ணாவாக்கும் வந்திருக்கார்."

கம்பைக் கீழே வைத்துவிட்டுக் காக்கைகளைப் பார்த்துக் கைகூப்பினான்.

சாயாவை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனேன். குஞ்சுகள் இரண்டும் இருந்தன.