படையலுக்கு முன் ருசித்த நாக்கு

சோப்புப் போட்டு இரண்டு முறை கழுவிவிட்டேன், இறால் உரித்த விரல்களில் எறா வாசனை போகவில்லை. இந்தக் கையோடுதான் உனக்கு எழுதுகிறேன். இன்று உன் திதி. உனக்குப் பிடித்த எறா தொக்கைத்தான் படையலில் வைத்தோம். அது கொதிக்கும்போதே எனக்கு எச்சில் ஊறியது. ஊறியதும் அவமானமாக இருந்தது.

நான் கும்மிடிப்பூண்டி பிஸ்கட் கம்பெனியில் ருசி பார்ப்பவள். நீயோ ஈக்கு ருசி எப்படித் தெரிகிறது என்று ஆராய்ச்சி செய்தவள். "ரெண்டு பேருக்கும் ஒரே தொழில்தான் அண்ணி. நீ பிஸ்கட்டை ருசி பாக்குற, நான் ருசி பாக்குற ஈயைப் பாத்துக்கினு இருக்கேன்" என்று சொல்லிச் சிரிப்பாய். அண்ணி நாத்தனார் என்றால் முறைத்துக்கொள்ள வேண்டும் என்பதே நமக்கு மறந்துபோயிருந்தது.

ஊரடங்கில் கல்லூரியை மூடியதும் உன் ஈ பாட்டில்கள் ஆரம்பாக்கம் வீட்டுக்கே வந்துவிட்டன. "ஊட்ல இருக்குற ஈ பத்தாதுன்னு பாட்டில்ல வேற கொண்ணாந்துகினியா?" என்று அத்தை உன்னைத் திட்டித் தீர்த்தார். நீ அசரவில்லை. ஒரு குட்டி ஈயை ஐஸில் மயக்கி, முதுகை மெழுகில் ஒட்டி, அது தெளிந்ததும் காலில் சர்க்கரைத் தண்ணீரைத் தொட்டாய். உடனே அதன் வாய் வெளியே நீண்டது. காலால் ருசி பார்க்கிறதே என்று நான் கத்தியேவிட்டேன். அந்தக் காலில் மெல்லிய மயிர்கள் உண்டு, ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு துளை, ருசி அறியும் செல் அந்தத் துளைவரை நீண்டிருக்கும் என்று காட்டினாய். உப்பும் கசப்பும் அந்தச் செல்லின் சவ்வில் நேராகப் படுமாம். அப்படியும் அந்தச் சவ்வு எப்படிக் கெடாமல் இருக்கிறது என்பதுதான் உன் கேள்வி.

பிறகு நம் இருவருக்கும் ஒரே காய்ச்சல் வந்தது. எனக்கு ருசி அடியோடு போயிற்று. வேலை போய்விடும் என்று அழுதேன். பக்கத்து அறையிலிருந்து இருமிக்கொண்டே நீ தேற்றினாய். "பயப்படாத அண்ணி. நம்ம நாக்குல பழைய செல்லு போய்க்கினே இருக்கும், புதுசு வந்துகினே இருக்கும். ஈக்குத்தான் அந்தக் குடுப்பினை இல்ல. கடைசி வரைக்கும் அதே செல்லுதான். சவ்வு கெட்டா அதுவே உள்ளேயிருந்து புதுசு கொண்டாந்து சரி பண்ணிக்கணும்." நீ என்னோடு பேசிய கடைசிப் பேச்சு அது. நான் பிழைத்தேன்.

உன் பதினாறாம் நாள் காரியத்துக்கும் இதே எறா தொக்கை நான்தான் சமைத்தேன். படையலுக்கு வைப்பதை முன்னால் ருசி பார்க்கக் கூடாது, உப்பைக்கூடக் கண்ணளவில்தான் போட வேண்டும். தெரியாதவளா நான்? இருந்தும் தொழில் புத்தி, கரண்டியை வாயில் வைத்துவிட்டேன். காய்ச்சலுக்குப் பிறகு முதன்முதலாக அன்றுதான் ருசி தெரிந்தது. உப்பு, காரம், எறாவின் இனிப்பு எல்லாமே. எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா? இன்னொரு கரண்டியும் எடுத்துத் தின்றேன். கூடத்தில் உன் படத்துக்கு மாலை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

நீ சொன்னது சரிதான், புதுச் செல்கள் வந்துவிட்டன. நீ வைத்த ரசம் தெரிந்த பழைய நாக்கு போய், உன்னைத் தெரியாத ஒன்று வந்து சப்புக்கொட்டுகிறது. கம்பெனியில் என்னை மறுபடி ருசி பார்க்க உட்கார வைத்தார்கள். பிஸ்கட் நன்றாக இருக்கிறது என்று சொல்லும்போதெல்லாம் கூசிப்போகிறேன்.

இன்று கரண்டியைத் தூரத்திலேயே வைத்திருந்தேன். காக்கைக்கு வைத்துவிட்டு நானும் அத்தையும் சாப்பிட உட்கார்ந்தோம். நீ போனதிலிருந்து அத்தை எறாவைத் தொட்டதில்லை. சாஸ்திரத்துக்கு அவர் இலையில் ஒன்று வைத்தேன். மெதுவாக மென்றார். தலை நிமிராமல், "இன்னும் ரெண்டு போடும்மா" என்றார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எம் பொண்ணுக்கு வெச்சத நானே ருசிச்சி துன்றேன். வெக்கமா கீது" என்றார்.

அதற்கு மேல் என்னால் மறைக்க முடியவில்லை. அன்று செய்ததை, இரண்டாவது கரண்டி உட்பட, சொல்லிவிட்டேன். கத்துவார் என்று நினைத்தேன். அத்தை சோற்றைப் பிசைவதை நிறுத்தினார். உன் காரியத்தன்று அவர் ஒரு பருக்கைகூட வாயில் வைக்கவில்லை. சாப்பிட்ட மற்றவர்களும் உப்பைப் பற்றிப் பேசும் நிலையில் இல்லை.

"எம் பொண்ணுக்கு அன்னிக்கு உப்பு சரியா இருந்துச்சா?" என்று கேட்டார்.

"சரியா இருந்துச்சு அத்தை."

அவர் தலையை ஆட்டிவிட்டு மறுபடி சோற்றைப் பிசைந்தார்.

என் வெட்கம் இன்னும் போகவில்லை. அன்று ருசித்த செல்களும் இந்நேரம் போயிருக்கும். உனக்கு வைத்ததில் உப்பு சரியாக இருந்தது என்பது மட்டும் என்னிடம் இருக்கிறது.